கட்டில் காலை வெட்டச் சொன்னவளுக்கு

காலையிலிருந்து வாசல் முழுக்க ரெட் ஆக்சைடு வாசனை. மழைக்கு முன்னால் இரும்பு பெஞ்சுக்கு ஒரு கை அடித்துவிட வேண்டும் என்று, உப்புத்தாள் வைத்துத் துருவைத் தேய்த்துவிட்டு பிரைமர் பூசிக்கொண்டிருக்கிறேன். நம் பெண் அமுதா சக்கர நாற்காலியில் கதவோரம் இருந்தபடி என் கையையே பார்க்கிறாள். இந்த வாடை அவளுக்கு ஆகாது. முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொள்கிறாள், பிறகு மறுபடி பார்க்கிறாள். எனக்கும் ஆகாது. பெஞ்சு வந்த நாளில் இது காய்வதற்குள் அதில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று நீ அவசரப்பட்டாய். அந்த அவசரம் எதனால் என்று நம் இருவருக்கும் தெரிந்திருந்தது. நான் மட்டும் தெரியாததுபோல், "பெயிண்ட் புடவையில ஒட்டிக்கும், நாளைக்கு உக்காரு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் பூச்சு காய நேரமாகும். அதுவரை உனக்கு எழுதுகிறேன். வேறு யாரிடம் இதையெல்லாம் சொல்வது?

ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த வருஷங்களில் நாம் நல்ல சாமான் என்று எதையும் வாங்கியதில்லை. அங்கே யாருமே வாங்கியதில்லை. திருநெல்வேலிக்காரர், சேலத்துக்காரர், திண்டுக்கல்லிலிருந்து வந்த நான் என்று தொழிற்சாலையை நம்பி வந்த எல்லோருக்கும் ஒரே கணக்குதான். ரிட்டயர் ஆனதும் காலி செய்யப்போகும் வீட்டுக்கு எதற்குக் கட்டில்? ஒரு இரும்பு பீரோ, மடக்குகிற நாடா கட்டில் ஒன்று, நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி. அமுதாவுக்குத் தரையில் மெத்தை. காலையில் நீ அவள் அக்குளுக்கடியில் கை கொடுப்பாய், நான் முழங்காலுக்கடியில். நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு "ம்" என்பாய், ஒன்றாகத் தூக்குவோம். பிறந்தபோது மூச்சு தடைப்பட்டுப்போன குழந்தை. நடக்க மாட்டாள், இடதுகை மடங்கியே இருக்கும், வார்த்தை சொற்பம். ஆனால் உடம்பு மட்டும் எல்லாப் பெண்களையும்போல வளர்ந்தது. முப்பதைத் தாண்டியும் நாம் அவளை அப்படித்தான் தூக்கிக்கொண்டிருந்தோம். உன் இடுப்பும் என் முட்டியும் அதில்தான் தேய்ந்தன.

பின்கட்டில் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கால் ஒருநாள் சத்தமில்லாமல் பிளந்தது. அமுதா முகவாய் தரையில் அடிபட விழுந்தாள். தையல் போட்டுக்கொண்டு வந்தோம். வந்ததும் நீ மற்ற நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்த்தாய். வெயில் குடித்து வெளுத்துப்போனவை எல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கின. "இத்தினி நாளும் இதும்மேலதான் புள்ளையை குந்த வெச்சுகினு இருந்தோமா?" என்றாய். அன்று இரவு நீ சாப்பிடவில்லை.

பணி ஓய்வு நெருங்கியபோது அயனம்பாக்கத்தில், ஏரிக்கு ஒரு தெரு தள்ளி இந்த வீட்டை வாங்கினோம். தரைத்தளம், வாசலில் படி இல்லை, அதற்காகவே வாங்கினோம். சேமிப்பு அதோடு முடிந்தது. சாமானுக்கு என்று மிஞ்சியது கொஞ்சம்தான். மெதுவாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றிருந்தோம். அப்போதுதான் உன் வயிற்றுவலிக்குப் பெயர் தெரிந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, ஈரல் வரைக்கும் பரவிவிட்டது என்றார். எவ்வளவு காலம் என்று நீதான் கேட்டாய். மாசக்கணக்குதான் என்றார். நான் அந்தப் படத்தை உறைக்குள் போட முடியாமல் திணறிக்கொண்டிருந்தேன். நீ வாங்கிப் போட்டாய்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நின்றபோது சொன்னாய்:

"இன்னாங்க, புது ஊட்டுக்கு சாமான் வாங்கணும்."

"இப்ப அதுவா முக்கியம்?" என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்பதாங்க முக்கியம். எனக்கு நிக்கறதுக்கு தெம்பு கீறப்பவே பாத்துடணும். நான் பூட்டேன்னா நீங்க ஒண்டியா அவளைத் தூக்கணும். உங்க முட்டிக்கு அது ஆவாது. தூக்காம நகத்துற மாதிரி ஊட்டை செஞ்சுட்டா, ஆவும்."

தூக்காமல் நகர்த்துவது. அதன் பிறகு நீ எந்தக் கடையில் எதைப் பார்த்தாலும் அதை வைத்துத்தான் பார்த்தாய். சக்கர நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று தையல் நூலில் ஒரு முடிச்சு போட்டுக்கொண்டாய். அதன் கைப்பிடி உயரத்துக்கு இன்னொரு முடிச்சு. கட்டில் முதல் முடிச்சில் நிற்க வேண்டும். சாப்பாட்டு மேஜை இரண்டாவது முடிச்சுக்கு மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் நாற்காலி உள்ளே நுழையும். "ஒடம்பைத் தாங்கறதுக்கு காசு போடலாம், கண்ணுக்கு காட்டறதுக்கு எதுக்கு?" என்றாய். டி.வி. வைக்கும் மேடை, கண்ணாடி ஷோகேஸ் எல்லாம் பேச்சிலேயே போயின. ஜன்னல் திரைக்கு உன் பழைய புடவைகளைக் கிழித்தாய்.

முதலில் நெடுஞ்சாலையோரம் இருந்த பெரிய கடைக்குப் போனோம். ஏசி, பளபளவென்று வரிசையாகக் கட்டில்கள், விலையும் கைக்கு எட்டுகிற மாதிரிதான் இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. நீ மெத்தையைத் தூக்கச் சொன்னாய். உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. மேலே மரம்போலத் தாள் ஒட்டியிருந்தார்கள். ஓரத்தில் நகத்தால் கீறியதும் பொடி உதிர்ந்தது. கட்டிலுக்கடியில் சாமான் போட்டுவைக்கிற பெட்டி, தரையோடு தரையாக.

"கீழ காலி இல்லியேப்பா. வீல் சேர் கால்வைக்கிற பலகை எங்க போவும்?"

"மேடம், இப்ப எல்லாரும் இதான் வாங்கறாங்க. ஸ்டோரேஜ் இருக்கு பாருங்க."

"எனக்கு வைக்கறதுக்கு ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டாய். வலி வந்திருந்தது. அதை நீ சொல்லவில்லை.

அந்த வாரமே திண்டுக்கல்லிலிருந்து என் அக்கா ஒரு சோபா செட்டை லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தாள். அக்காவும் பின்னாலேயே வந்தாள். ஹால் முழுவதையும் அது அடைத்துக்கொண்டது. அமுதாவை அதில் உட்கார்த்திப் பார்த்தோம். பஞ்சுக்குள் புதைந்து, ஒரு பக்கமாகச் சரிந்து, கழுத்து மடங்கி அவளுக்கு மூச்சு இரைத்தது. இழுத்து எடுப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

"அவளுக்கு எதுக்கு இது? வர்றவங்க போறவங்க உக்கார வேண்டாமா? ஆளுக வந்தா அவளை உள்ரூம்ல விட்டுக்கலாம்ல" என்றாள் அக்கா. கெட்ட மனசோடு சொல்லவில்லை. ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் சொன்னாள்.

நீ அமுதாவின் தலையை நிமிர்த்திவிட்டாய். பிறகு, "அக்கா, இந்த ஊட்ல இருக்கப்போறவ அவதான். வர்றவங்க நின்னுகினு பேசிட்டுப் போவட்டும்" என்றாய். சோபாவைத் திரும்ப ஏற்ற லாரி கிடைக்கவில்லை. பக்கத்துத் தெருக் கல்யாண வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போனார். அக்கா கோபித்துக்கொண்டு போனவள், உன் காரியத்துக்குத்தான் வந்தாள்.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்துக்குள் இருந்த காசிம் பாய் கடையை யார் சொன்னார்கள் என்று நினைவில்லை. இடிக்கிற வீடுகளிலிருந்து உத்தரம், கதவு, ஜன்னல் என்று வாங்கி, இழைத்துக் கட்டிலும் மேஜையும் செய்து விற்பவர். தேக்குக்கு நம்மிடம் வழியில்லை. "வேப்ப மரத்துல ஒண்ணு இருக்கும்மா. பழைய மரம், நல்லா காஞ்சது, பூச்சி அண்டாது" என்று காட்டினார். நீ ஒவ்வொரு மூலையிலும் கையை ஊன்றி ஆட்டிப் பார்த்தாய். அப்புறம், வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, மரத்தூள் கிடந்த தரையில் மண்டியிட்டு அடிப்பக்கம் பார்த்தாய். சட்டங்களை ஆணியடித்து நிறுத்தாமல் துளைக்குள் இறக்கி மரமுளை அடித்திருந்தார்கள். எழுந்திருக்க முடியவில்லை. பாயும் நானும் பிடித்துத் தூக்கினோம். நூலை எடுத்துக் காலோரம் பிடித்தாய். முடிச்சு கட்டில் மட்டத்துக்குக் கீழே நின்றது.

"இவ்ளோ வெட்டிடணும் பாய்."

"காலை வெட்டிட்டா அப்பறம் எவனும் வாங்க மாட்டாம்மா. நாளைக்கு விக்கணும்னா? யோசிச்சுக்கோங்க."

"விக்கறதுக்கு இல்ல பாய். எம் பொண்ணு சாவற வரிக்கும் படுக்கறதுக்கு."

அவர் நம்மை ஒருமுறை பார்த்துவிட்டு, பென்சிலை எடுத்துக் காலில் கோடு போட்டார். மேஜையும் அங்கேயே முடிந்தது, மூலைகளை இழைத்து உருட்டித் தருவதாகப் பேச்சு. நாற்காலி எத்தனை வேண்டும் என்று கேட்டார்.

"ரெண்டு."

"மூணு பேருனு சொன்னீங்களே?"

"எம் பொண்ணுக்கு வீல் சேர் கீது. அவருக்கு ஒண்ணு. யாருனா வந்தா அவுங்களுக்கு ஒண்ணு."

சாமான் விலை பேசுகிற குரலில்தான் சொன்னாய். நான் வெளியே வந்து சந்தில் நின்றேன். ஒரு லோடு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது, என்னைத்தான் நகரச் சொல்கிறான் என்று வெகுநேரம் எனக்குப் புரியவில்லை.

சாமான் வந்த அன்று பாயும் கூடவே வந்தார். வண்டியில் மூன்று நாற்காலிகள் இருந்தன. "இதுக்கு ஒண்ணும் வேணாம்மா. ஊட்ல மூணா இருக்கட்டும்" என்றார். நீ அதை வாங்கி மேஜையோரம் போட்டுப் பார்த்தாய். அமுதாவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அதைச் சுற்றி வர முயன்றாய். சக்கரம் இடித்தது. "குறுக்க நின்னா வண்டி திரும்பாது பாய், தப்பா நெனச்சுக்காதீங்க" என்று அவரிடமே திருப்பிக் கொடுத்தாய். அவர் நாற்காலியைத் தலைகீழாகத் தோளில் போட்டுக்கொண்டு போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கட்டிலும் சக்கர நாற்காலியும் ஒரே மட்டத்தில் நின்றன. நடுவே பலகை ஒன்றைப் போட்டு, வழவழப்பான துணியை விரித்து, அமுதாவை இழுத்தால் வந்தாள். நீ என்னைத் தனியாகச் செய்யச் சொன்னாய். சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாய். நான் தடுமாறியபோதுகூட வந்து பிடிக்கவில்லை. "நான் இல்லன்னு நெனச்சு செய்யுங்க" என்றாய். அந்தப் பயிற்சி ஒரு வாரம் நடந்தது. உன்னை நினைத்தால் எனக்கு வருகிற முகம் அதுதான், கல்யாண முகம்கூட இல்லை. நம் மகளை நான் இழுப்பதை அசையாமல் பார்த்து நிற்கிற முகம்.

கடைசியாக வாசல். நாள் முழுக்க அமுதா நாலு சுவருக்குள் கிடக்கக்கூடாது என்பது உன் பிடிவாதம். பிளாஸ்டிக்கை நீ கிட்டேயே விடவில்லை. மரம் என்றால் ஏரி ஈரத்துக்குக் கரையான் ஏறும். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாயில் பெஞ்சு செய்யச் சொன்னோம். தண்ணீர் நிற்காமல் வடிய இருக்கையில் இடைவெளி, சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் கை, இடுப்புக்கு ஒரு பெல்ட், கால்களைச் சிமெண்டில் புதைத்துவிடுவது என்று நீ ஒவ்வொன்றாகச் சொல்ல, பட்டறைக்காரர் சிரித்தார்.

"இன்னாம்மா, பார்க்ல போடறதா? இவ்ளோ ஸ்டிராங்கா கேக்கறீங்க?"

"மூலையை மட்டும் நல்லா உருட்டிடுங்க அண்ணாத்தே. எங்களுக்கப்பறமும் நிக்கணும்."

அவர் அதற்கும் சிரித்தார். அவருக்கு என்ன தெரியும்.

பிரைமர் ஈரத்தோடு நீ அதில் உட்கார்ந்தாய். புடவையில் சிவப்புக் கோடுகள். அமுதாவைப் பக்கத்தில் நகர்த்தி, பெல்ட்டைப் போட்டாய். ஏரியிலிருந்து கொக்குகள் தலைக்குமேலே போயின. அவள் வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து பார்த்தாள். "இனிமே பயமில்லங்க" என்றாய். உனக்குப் பயம் இருந்தது என்று நீ ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

வீட்டில் எல்லாவற்றுக்கும் அளவெடுத்த நீ, உனக்கென்று எதையும் வாங்கவிடவில்லை. படுக்கையில் விழுந்த பிறகு, ஆஸ்பத்திரிக் கட்டிலாவது வாடகைக்கு எடுக்கலாம் என்று கெஞ்சினேன். "கொஞ்ச நாளைக்கு எதுக்கு?" என்றாய். குவார்ட்டர்ஸிலிருந்து வந்த அந்த நாடா கட்டிலில்தான் கிடந்தாய். நாடா நடுவில் தொய்ந்து, உன் முதுகு வளைந்து, திரும்பிப் படுக்க இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடிப்பாய். எலும்பு தெரிய ஆரம்பித்த பிறகு கீழே தலையணைகளை அடுக்கி நாடாவுக்கு முட்டுக்கொடுத்தேன். ஒரு மத்தியானம் அமுதாவுக்குச் சோறு ஊட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்கையில் உன் கை சட்டத்திலிருந்து நழுவியிருந்தது.

உன்னை வாசலில் வைத்திருந்தபோது அமுதா பெஞ்சில் இருந்தாள். உள்ளே கொண்டுபோங்கள், பார்த்துப் பயந்துவிடுவாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் விடவில்லை. கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து "மா, மா" என்று கூப்பிட்டாள். நீ எழுந்திருக்காதது அவளுக்குக் கோபம். சாயங்காலம் உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது தெருமுனை வரைக்கும் பார்த்தாள். அடுத்த நாளும் அதே முனையைப் பார்த்தாள். வெகுகாலம் பார்த்தாள்.

நீ சொன்னது சரிதான். இத்தனை வருஷம் நான் அவளைத் தூக்கவே இல்லை, நகர்த்தினேன். வேப்பங்கட்டில் ஒரு முனகல்கூட எழுப்பவில்லை. ஏரி நிரம்பி வீட்டுக்குள் முட்டளவு தண்ணீர் வந்து வடிந்த பிறகும், துடைத்துக் காயவிட்டதும் அப்படியே நின்றது. நீ வாங்கியவை எதுவும் என்னைக் கைவிடவில்லை. என் உடம்புதான் கைவிடுகிறது.

போன மாசம் குளியலறை வாசலில் விழுந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டு எழ முடியவில்லை. கட்டிலில் இருந்து அமுதா என்னைப் பார்த்தாள். கையை நீட்டினாள். எட்டாது. பிறகு கத்த ஆரம்பித்தாள். தொண்டை கட்டிப்போகிற வரைக்கும் கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர் பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்து என்னைத் தூக்கினார். அன்றைக்கு நான் பிழைத்ததைப் பற்றி எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பின்கதவு தாழிட்டிருந்தால், அவள் கட்டிலில், நான் தரையில், என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் நீ ஒருபோதும் செய்யக்கூடாது என்று சொன்னதைச் செய்யக் கிளம்பினேன். அவளுக்கு ஒரு விடுதி தேடினேன். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒன்றைப் பார்த்தேன். வரிசையாகப் பெண்கள், ஒவ்வொருத்தியையும் பிளாஸ்டிக் நாற்காலியோடு துண்டால் கட்டியிருந்தார்கள். "கீழ விழாம இருக்கத்தான் சார்" என்றார் மேலாளர். ஒரு நாற்காலியின் காலைத் தொட்டுப் பார்த்தேன். நகம்பட்ட இடத்தில் பொடி வந்தது. அதில் கட்டப்பட்டிருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் திரும்பி வந்துவிட்டேன். அந்தப் பெண்ணை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வந்தேன்.

இன்னொன்று முத்தாபுதுப்பேட்டையில், நீ பிறந்த தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. நிர்மலா என்ற ஓய்வுபெற்ற நர்ஸ் நடத்துகிறார். கட்டில்கள் உயரம் கூடுதல்தான், ஆனால் இருவர் சேர்ந்து நகர்த்துகிறார்கள். நாற்காலிகள் மரம். தரையில் ஈரம் இல்லை. நான் ஒரு நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்ததை அந்த அம்மா கவனித்தார்.

"ஆசாரி வேலை பாத்தீங்களா ஐயா?"

"இல்லம்மா. என் சம்சாரம் இப்படித்தான் பார்ப்பா."

அவர் நாற்காலியை நிமிர்த்திப் போட்டார். "இப்பவே விட்டுடாதீங்க. நீங்க இருக்கறப்பவே பகல்ல கொஞ்ச நேரம் கூட்டிகினு வாங்க. எங்க மொகம் பழகட்டும். அப்பறம் ஒருநாள் நீங்க வராட்டியும் பதற மாட்டா" என்றார். நான் வராத ஒருநாள். அதை அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

நேற்று முதல்முறையாக அழைத்துப் போனேன். ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் வைத்தார்கள். நான் வெளியே மரத்தடியில் நின்றுகொண்டேன். உள்ளே சத்தமே இல்லை. அழுவாள் என்று நினைத்தேன். அழாதது இன்னும் கஷ்டமாக இருந்தது. திரும்ப ஆட்டோவில் ஏற்றியதும் என் சட்டையை நல்ல கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆவடி தாண்டும்வரை விடவில்லை. அப்புறம் என் முகத்தைப் பார்த்து, வாயைக் கோணி, கஷ்டப்பட்டு ஒரு சொல் சொன்னாள்.

"ஊடு."

இத்தனை வருஷத்தில் அவள் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் எப்போதும் வீடு என்றுதான் சொல்வேன். எங்கள் பக்கத்துச் சொல் அது. ஊடு உன்னுடையது. அவள் காதுக்குள் எங்கேயோ நீ அதை வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

"ஊட்டுக்குத்தாம்மா போறோம்" என்றேன். உன் பேச்சு என் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை.

அவள் பிடியைத் தளர்த்தினாள். வழி நெடுக அதையே சொல்லிக்கொண்டு வந்தாள், நானும் ஒவ்வொரு முறையும் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். நாளன்றைக்கு மறுபடி கூட்டிப்போக வேண்டும். போகப் போக அந்தச் சொல் அவளுக்கு அந்த இடத்தையும் குறிக்க ஆரம்பித்துவிட வேண்டும். அதற்கு எனக்கு இன்னும் கொஞ்ச காலம் வேண்டும். அதை எந்தக் கடையில் கேட்பது என்று உனக்கும் தெரிந்திருக்காது.